செங்குத்துச் சரிவுக் கன்வேயர்

செங்குத்துச் சரிவுக் கன்வேயர் என்பது, வழக்கமான பட்டைக் கன்வேயரால் ஏற முடியாத சாய்வில் நிலக்கரி, தாது, சுண்ணாம்புக்கல், தானியம் முதலிய பொருட்களைத் தொடர்ந்து மேலே கொண்டுசெல்லும் பொறியமைப்பு ஆகும். மூட்டையில் கட்டப்படாமல் குவியலாகவும் உதிரியாகவும் கையாளப்படும் பொருட்களுக்கே இது பயன்படுகின்றது. சுரங்கங்கள், அனல் மின் நிலையங்கள், சிமெண்ட் ஆலைகள், துறைமுகங்கள், தானியக் கிடங்குகள் ஆகியவற்றில் பொருளைத் தரைமட்டத்தில் இருந்து உயரமான தொட்டிகளுக்கு ஏற்ற வேண்டிய தேவை உள்ளது. எந்தச் சாய்வில் ஏற்றுவது என்பதை இட வசதி மட்டும் தீர்மானிப்பதில்லை. பொருளின் தன்மை, பட்டையைத் துப்புரவு செய்யும் வசதி, தீப் பாதுகாப்பு ஆகியவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. சேலம் மாவட்டத்தில் உள்ள மேட்டூர் அனல் மின் நிலையத்தின் நிலக்கரிப் பாதை இதனை விளங்கிக்கொள்ள நல்ல எடுத்துக்காட்டாகும்.

வழக்கமான பட்டைக் கன்வேயரின் அமைப்பு

பட்டைக் கன்வேயரில் ரப்பர் உறையிட்ட நீண்ட பட்டை ஒன்று இரு முனைகளிலும் உள்ள கப்பிகளைச் சுற்றி முடிவின்றி ஓடுகின்றது. பட்டையின் உள்ளே துணி அடுக்குகளோ எஃகுக் கம்பிகளோ இருந்து இழுவிசையைத் தாங்குகின்றன. மின்னோடி ஒரு கப்பியைச் சுழற்ற, பட்டைக்கும் கப்பிக்கும் இடையிலான உராய்வால் பட்டை நகர்கின்றது. மேற்புறப் பட்டையைத் தாங்கும் உருளைகள் மூன்று மூன்றாக அமைக்கப்பட்டிருக்கும். நடு உருளை கிடையாகவும் பக்க உருளைகள் சாய்வாகவும் இருப்பதால் பட்டை ஓர் ஓடை போல வளைந்து, பொருள் பக்கவாட்டில் சிந்தாமல் காக்கின்றது. பொருளைக் கொட்டிய பின் பட்டை கீழ்ப்புறமாகத் திரும்புகின்றது.

சாய்வின் எல்லை

ஒரு பொருளைத் தரையில் மெதுவாகக் கொட்டினால் அது கூம்பாகக் குவியும். அக்கூம்பின் பக்கம் தரையுடன் அமைக்கும் கோணம் குவியல் கோணம் எனப்படும். உலர்ந்த நெல், ஈரமணல், உடைத்த கல் என ஒவ்வொரு பொருளுக்கும் இது வேறுபடுகின்றது. கன்வேயரின் சாய்வு பொதுவாகக் குவியல் கோணத்தைவிடக் குறைவாகவே வைக்கப்படுகின்றது.

பட்டையின் மேல் உள்ள பொருள் வழுக்காமல் இருக்க வேண்டுமானால், பொருளுக்கும் பட்டைக்கும் இடையிலான உராய்வுக் கெழு, சாய்வுக் கோணத்தின் தொடுகோட்டு மதிப்பைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 18 பாகையில் இம்மதிப்பு ஏறத்தாழ 0.32, 30 பாகையில் 0.58, 45 பாகையில் 1. ரப்பரின் மேல் உலர்ந்த நிலக்கரி அசைவின்றிக் கிடக்குமானால் 25 பாகைக்கு மேலும் அது நிற்கக்கூடும். ஆனால் ஓடும் பட்டை அசைவற்றதன்று. ஒவ்வொரு உருளையைக் கடக்கும்போதும் பட்டை சற்று எழுந்து தாழ்வதால் பொருள் குலுங்குகின்றது. கொட்டப்படும் இடத்தில் பொருள் பட்டையின் வேகத்தை அடைவதற்குள் சிறிது பின்வாங்குகின்றது. மழையில் நனைந்தால் உராய்வு மேலும் மாறுகின்றது. உருண்டையான கட்டிகள் மற்றவற்றின் மேல் உருண்டு இறங்குகின்றன.

இக்காரணங்களால், வழவழப்பான பட்டையில் நிலக்கரியை ஏற்றுவதற்கு 16 முதல் 18 பாகை வரையிலான சாய்வே வழக்கத்தில் உள்ளது. உருண்டையான கூழாங்கற்களுக்கு 12 பாகையும், இரும்புத்தாது உருண்டைகளுக்கு 13 முதல் 15 பாகையும், ஈரமணலுக்கு 20 பாகையும், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் மரச் சில்லுகளுக்கு 27 பாகையும் எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. இந்தியாவில் பட்டைக் கன்வேயர்களைத் தேர்ந்தெடுக்கவும் வடிவமைக்கவும் ஐ.எஸ். 11592 என்னும் தரவிதி உள்ளது.

மேட்டூரில் நிலக்கரியின் பாதை

மேட்டூர் அனல் மின் நிலையத்தில் தலா 210 மெகாவாட் திறன் கொண்ட நான்கு அலகுகள் 1987 முதல் 1990 வரையிலான காலத்தில் இயங்கத் தொடங்கின. 600 மெகாவாட் திறன் கொண்ட மற்றோர் அலகு 2013 ஆம் ஆண்டில் சேர்ந்தது. அருகிலுள்ள காவிரியும் மேட்டூர் அணையும் இதற்கு நீர் தருகின்றன. ஆனால் மேட்டூரில் நிலக்கரி கிடையாது. ஒடிசாவின் சுரங்கங்களில் இருந்து வரும் நிலக்கரி கப்பலில் தமிழ்நாட்டுத் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து தொடர்வண்டியில் சேலம் வழியாக மேட்டூருக்கு வருகின்றது.

இந்திய நிலக்கரியில் சாம்பல் மிகுதி. ஓர் அலகு மின்சாரத்திற்கு ஏறத்தாழ 0.7 கிலோகிராம் நிலக்கரி தேவை என்று கொண்டால், 840 மெகாவாட் திறனும் முழுமையாக இயங்கும்போது மணிக்கு ஏறத்தாழ 590 டன்னும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 14,000 டன்னும் தேவைப்படும். ஒரு சரக்குத் தொடர்வண்டி ஏறத்தாழ 3,500 முதல் 4,000 டன் வரை சுமக்கும். ஆகவே இந்த நான்கு அலகுகளுக்கு மட்டும் நாள்தோறும் ஏறத்தாழ நான்கு வண்டிகள் வரவேண்டும்.

வண்டியில் இருந்து இறக்கப்படும் நிலக்கரி தரைமட்டத்திற்குக் கீழுள்ள தொட்டியில் விழுந்து, பட்டைகளின் வழியே நொறுக்கிக்குச் செல்கின்றது. உடைக்கப்பட்ட கரி மீண்டும் பட்டைகளில் ஏறி, கொதிகலனுக்கு அருகே உயரத்தில் அமைந்துள்ள பங்கர் எனப்படும் சேமிப்புத் தொட்டிகளை அடைகின்றது. அங்கிருந்து அரைவை ஆலைகளுக்குத் தன் எடையாலேயே இறங்கி, மாவாக அரைபட்டு, காற்றுடன் உலைக்குள் செல்கின்றது. கரியை ஒரு முறை மேலேற்றிவிட்டால் எஞ்சிய வேலையைப் புவியீர்ப்பு செய்துவிடுகின்றது. ஏற்றம் நின்றால் சில மணி நேரத்திற்குள் உலையும் நிற்கும்.

அனல் மின் நிலையங்களைத் தொலைவில் இருந்து பார்ப்போருக்குப் புகைபோக்கியை அடுத்துக் கண்ணில் படுவது, தகரக் கூரை வேய்ந்த நீண்ட சாய்வுக் கூடமாகும். அதன் நீளத்திற்குக் காரணம் மேற்கூறிய சாய்வு எல்லையே. ஒரு தொட்டியின் உயரம் 50 மீட்டர் என வைத்துக்கொள்வோம். 18 பாகைச் சாய்வில் அந்த உயரத்தை எட்ட ஏறத்தாழ 154 மீட்டர் கிடைநீளம் தேவை. 35 பாகையில் 71 மீட்டர் போதும். 45 பாகையில் 50 மீட்டர் போதும். நேர் செங்குத்தாக ஏற்றினால் கிடைநீளமே வேண்டியதில்லை.

சாய்வைக் கூட்டினால் மின்சாரம் மிச்சமாகும் என்று கருதுவது சரியன்று. ஒரு பொருளை உயர்த்தச் செலவாகும் ஆற்றல் அதன் எடையையும் உயரத்தையும் மட்டுமே பொறுத்தது. மணிக்கு 600 டன் நிலக்கரியை 50 மீட்டர் உயர்த்துவதற்கு எந்தச் சாய்விலும் ஏறத்தாழ 82 கிலோவாட் தேவை. உராய்வு இழப்பு இதற்கு மேற்பட்டது. 840 மெகாவாட் உற்பத்தியுடன் ஒப்பிட்டால் இது ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கே. செங்குத்துச் சரிவினால் மிச்சமாவது நிலமும், கூடத்தின் கட்டுமானச் செலவும், பட்டையின் நீளமுமே ஆகும்.

செங்குத்தாக ஏற்றும் முறைகள்

வரிமேட்டுப் பட்டை: பட்டையின் மேற்பரப்பில் அம்புமுனை வடிவில் ரப்பர் மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். இவை பொருள் வழுக்குவதைத் தடுப்பதால் ஏறத்தாழ 30 பாகை வரை ஏற்ற முடிகின்றது. செலவு குறைவு. ஆயினும் மேடுகள் இருப்பதால் பட்டையைச் சுரண்டித் துப்புரவு செய்யும் தகட்டைப் பயன்படுத்த இயலாது. ஈரமான, ஒட்டும் தன்மையுள்ள பொருளுக்கு இது பொருந்தாது.

பக்கச்சுவர்ப் பட்டை: பட்டையின் இரு விளிம்புகளிலும் மடிப்பு மடிப்பான ரப்பர்ச் சுவர்களும், அவற்றுக்கிடையே குறுக்குத் தடுப்புகளும் இருக்கும். இதனால் பட்டையே வரிசையான பெட்டிகளாக மாறுகின்றது. சுவர் மடிப்புடன் இருப்பதால் கப்பியைச் சுற்றி வளையும்போது விரிந்து, பின் சுருங்கிக்கொள்கின்றது. 90 பாகை வரை ஏற்ற இயலும். பெட்டியின் மூலைகளில் ஒட்டிக்கொள்ளும் பொருளை, திரும்பும் பட்டையைத் தட்டி அதிரச் செய்வதன் மூலமே உதிர்க்க வேண்டியுள்ளது.

இரட்டைப் பட்டை: இரு பட்டைகளுக்கு நடுவே பொருளை அடக்கி, மேற்பட்டையைக் கீழ்ப்பட்டையின் மீது அழுத்திக்கொண்டே ஏற்றும் முறை. அழுத்தத்தினால் உராய்வு கூடுவதால் பொருள் வழுக்குவதில்லை. இரு பட்டைகளும் வழவழப்பானவை. ஆதலால் வழக்கமான சுரண்டிகளால் துப்புரவு செய்யலாம். அகலமும் வேகமும் மிகுந்த பட்டைகளைப் பயன்படுத்தலாம். பெருமளவில் ஏற்றுவதற்கு இம்முறை ஏற்றது.

குழாய்ப் பட்டை: பொருளைப் பெற்றுக்கொண்ட பின் பட்டை தன்னைத்தானே குழாயாகச் சுருட்டிக்கொள்ளும். ஆறு உருளைகள் வட்டமாக நின்று அதனை அவ்வடிவில் காக்கின்றன. 30 பாகை வரை ஏற்றலாம். பாதையைப் பக்கவாட்டில் வளைக்கலாம். வழியில் தூசு பறப்பதும் பொருள் சிந்துவதும் குறைவு.

வாளி ஏற்றி: சங்கிலியிலோ பட்டையிலோ பொருத்தப்பட்ட வாளிகள் நேர் செங்குத்தாக ஏறி, உச்சியில் கவிழ்ந்து கொட்டும். மிகப் பழைய முறையான இது தானியம், சிமெண்ட் போன்ற உலர்ந்த நுண்பொருட்களுக்கு இன்றும் பரவலாகப் பயன்படுகின்றது.

வரலாறு

அமெரிக்காவைச் சேர்ந்த ஆலிவர் இவான்சு 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில், வாளி ஏற்றிகளைக் கொண்டு தானியத்தை மேல்மாடிக்கு ஏற்றி, மனித உழைப்பின்றி இயங்கும் மாவு ஆலையை அமைத்தார். இதற்கு 1790 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். தாமசு இராபின்சு 1890களின் தொடக்கத்தில், எடிசனின் இரும்புத்தாது ஆலைக்கெனப் பட்டைகளை மேம்படுத்தினார். துணிப்பட்டை விரைவில் தேய்ந்ததால் அதன் மேல் தடித்த ரப்பர் உறையை இட்டார். உருளைகளைச் சாய்த்து அமைத்து ஓடை வடிவத்தையும் கொண்டுவந்தார். இன்றைய பட்டைக் கன்வேயரின் அடிப்படை இதுவே.

இரட்டைப் பட்டை முறையின் தொடக்க வடிவங்கள் 1950களில் தோன்றின. தாமாகவே சரக்கை இறக்கும் கப்பல்களில், வளையமாக ஏறும் இரட்டைப் பட்டைகள் 1970களில் வழக்கத்திற்கு வந்தன. கப்பலின் அடியில் இருந்து மேல்தளம் வரை ஏற்றுவதற்கு அங்கு இடம் குறுகியது என்பதே இதற்குக் காரணம். பின்னர் ஆழமான திறந்தவெளிச் சுரங்கங்களுக்கு இம்முறை விரிவாக்கப்பட்டது. செர்பியாவின் மைதான்பெக் செப்புச் சுரங்கத்தில் 1992 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இரட்டைப் பட்டை, 35.5 பாகைச் சாய்வில் மணிக்கு 4,000 டன் தாதுவை 93.5 மீட்டர் உயரத்திற்கு ஏற்றும் திறன் உடையது. சுரங்கத்தில் இருந்து சுற்றுப்பாதையில் லாரிகள் மேலேறுவதற்கு மாற்றாக இது அமைந்தது.

தமிழ்நாட்டில் பயன்பாடு

தமிழ்நாட்டில் மிகப் பெரிய பட்டைக் கன்வேயர்கள் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் உள்ளன. வாளிச் சக்கர அகழ்பொறிகள் தோண்டும் மேல்மண்ணும் பழுப்பு நிலக்கரியும் எஃகுக் கம்பி பொதிந்த பட்டைகளில் படிப்படியாக மேலேறி வருகின்றன. சில பட்டைகளின் அகலம் 2,400 மில்லிமீட்டர் ஆகும். நெய்வேலியில் நிலம் விரிந்து கிடப்பதாலும், மேல்மண்ணில் ஒட்டும் களிமண் கலந்திருப்பதாலும், சாய்வு குறைந்த வழவழப்பான பட்டையே பொருத்தமானது. பக்கச்சுவர்ப் பட்டையில் இக்களிமண்ணை ஏற்றினால், பெட்டிகள் சிறிது நேரத்தில் மண்ணால் அடைந்துவிடும்.

சங்ககிரி, அரியலூர் போன்ற இடங்களின் சிமெண்ட் ஆலைகளில் உலர்ந்த மாவுப் பொருளை உயரமான கோபுரங்களுக்கு ஏற்ற வாளி ஏற்றிகள் பயன்படுகின்றன. கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல் வட்டாரத்தில், தீவன ஆலைகள் மக்காச்சோளத்தையும் சோயாப் புண்ணாக்கையும் வாளி ஏற்றியின் மூலமே மேலேற்றுகின்றன. ஆலைத் தொழிலாளர்கள் இதனை எலிவேட்டர் என்று அழைப்பர். அரிசி ஆலைகளில் நெல்லை ஏற்றுவதும் இதே கருவியே. இங்கெல்லாம் பொருள் உலர்ந்தது, அளவு சிறியது, கட்டடம் குறுகியது. ஆதலால் செங்குத்து முறை இயல்பாகவே பொருந்துகின்றது.

துப்புரவுச் சிக்கல்

பட்டை பொருளைக் கொட்டிய பின்னும் ஒரு மெல்லிய படலம் அதில் ஒட்டிக்கொண்டு திரும்புகின்றது. அது திரும்பும் வழியெங்கும் உதிர்ந்து, உருளைகளின் மேலும் கூடத்தின் தளத்திலும் படிகின்றது. சாய்வு மிகுந்தால், மேலிருந்து உருண்டு வரும் கட்டிகளும் அடிப்பகுதியில் சேர்கின்றன. இப்படிச் சேர்ந்த கரியைத் தொழிலாளர்கள் மண்வெட்டி கொண்டு அள்ளி மீண்டும் பட்டையில் போடுகின்றனர். ஓடும் பட்டைக்கும் கப்பிக்கும் இடையில் ஆடையோ கையோ கருவியோ சிக்குவது கன்வேயர்களில் நேரும் கொடிய விபத்துகளில் முதன்மையானது. எனவே துப்புரவு செய்யக் கடினமான பட்டையைத் தேர்ந்தெடுத்தால், அதன் அடியில் மனிதர்கள் செலவிடும் நேரமும், அதனால் அவர்களுக்கு நேரும் ஆபத்தும் கூடுகின்றன. விலைப்பட்டியலில் இக்கணக்கு இடம்பெறுவதில்லை.

தீ

நிலக்கரி காற்றுடன் சேர்ந்து தானாகவே வெப்பமடையக்கூடியது. தூசாகப் படிந்தால் எளிதில் பற்றும். ரப்பர்ப் பட்டையும் எரியக்கூடியது. சுழலாமல் இறுகிப்போன ஓர் உருளையின் மேல் பட்டை தேய்ந்துகொண்டே ஓடினால், அங்குள்ள தூசு கனல்வதற்குப் போதிய வெப்பம் உண்டாகும். பட்டை ஓடும்போது கனல் ஓரிடத்தில் நிற்பதில்லை. பட்டை நின்ற பின்னரே அது தீயாக வளர்வதும் உண்டு.

இங்கிலாந்தின் கிரெசுவெல் சுரங்கத்தில் 1950 செப்டம்பர் 26 அன்று, கிழிந்த பட்டையின் துண்டு ஒன்று, பொருள் கொட்டுமிடத்தில் அடைத்துக்கொண்டு உராய்ந்ததில் தீ மூண்டது. ரப்பர்ப் பட்டை வழியே பரவிய தீயின் நச்சுப்புகையால் 80 பேர் உயிரிழந்தனர். சுரங்கங்களில் தீயைத் தாங்கும் பட்டைகள் கட்டாயமாவதற்கு இவ்விபத்து வழிவகுத்தது.

சாய்வான கூடம் தீயின்போது புகைபோக்கியைப் போல் இயங்குகின்றது. கீழே எழும் வெப்பக் காற்று சரிவின் வழியே மேலேறி, மேலுள்ள பட்டையை முன்கூட்டியே சூடாக்குகின்றது. இலண்டனின் கிங்சு கிராசு நிலையத்தில் 1987 நவம்பர் 18 அன்று மரத்தாலான நகரும் படிக்கட்டில் தீப்பற்றி 31 பேர் இறந்தனர். அப்படிக்கட்டின் சாய்வு 30 பாகை. தீச்சுடர் மேல்நோக்கி எழாமல் பள்ளமான படிக்கட்டின் தளத்தோடு படுத்து மேலேறியது என்பது பின்னர் நடந்த ஆய்வில் அறியப்பட்டது. இது கன்வேயர் விபத்து அன்று. எனினும் செங்குத்தான, பக்கங்கள் அடைபட்ட சரிவில் தீ எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதைப் பொறியாளர்களுக்குக் கற்பித்தது.

மேட்டூர் அனல் மின் நிலையத்தில் 2012 மே 10 அன்று நிலக்கரி கொண்டுசெல்லும் கன்வேயர் பகுதியில் பெருந்தீ ஏற்பட்டது. இதனால் 840 மெகாவாட் நிலையத்தின் நான்கு அலகுகளிலும் உற்பத்தி நின்றது. தமிழ்நாடு கடும் மின்வெட்டில் இருந்த ஆண்டு அது. கொதிகலன்களும் சுழலிகளும் இருந்தும், கரியை மேலேற்றும் பாதை அற்றுப்போனதால் மின்சாரம் இல்லாமற்போனது. மின் உற்பத்திக்குச் செலவாகும் ஆற்றலில் மிகச் சிறு பங்கையே பெறும் இந்த ஏற்றமே முழு நிலையத்தையும் தாங்கி நிற்கின்றது என்பதை இந்நிகழ்வு காட்டுகின்றது. இந்நிலையத்தில் 2024 டிசம்பர் 19 அன்று நிலக்கரிச் சேமிப்புத் தொட்டி சரிந்து விழுந்ததில் இரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அது பட்டையில் நேர்ந்த விபத்து அன்று. ஆயினும் உயரத்தில் ஏற்றிவைக்கப்படும் கரியின் எடையைத் தாங்கும் கட்டமைப்பும் இவ்வேற்ற முறையின் ஒரு பகுதியே ஆகும்.

தானியம் ஏற்றும் இடங்களில் தீயுடன் தூசு வெடிப்பும் சேர்கின்றது. மூடிய வாளி ஏற்றிக்குள் மிதக்கும் தானியத் தூசு ஒரு பொறியில் வெடிக்கக்கூடும். அமெரிக்காவின் உலூசியானா மாநிலத்தில் உள்ள வெசுட்வேகோவில் 1977 டிசம்பர் 22 அன்று தானியக் கிடங்கு ஒன்று வெடித்து 36 பேர் இறந்தனர்.

பாதுகாப்பு ஏற்பாடுகள்

சரிவில் ஏறும் பட்டை சுமையுடன் நிற்கும்போது, சுமையின் எடை அதனைப் பின்னோக்கி இழுக்கும். இதனைத் தடுக்கப் பின்னோட்டத் தடுப்பான் பொருத்தப்படுகின்றது. இது கப்பியை ஒரு திசையில் மட்டுமே சுழல விடும். சாய்வும் உயரமும் கூடக்கூட இதன் இன்றியமையாமையும் கூடுகின்றது. பட்டையின் நெடுகிலும் இழுகயிறு கட்டப்பட்டிருக்கும். எந்த இடத்தில் இருந்தும் அதனை இழுத்துப் பட்டையை நிறுத்தலாம். கப்பி சுழல்கையில் பட்டை வழுக்கினால் உணரும் கருவியும், பட்டை ஒருபுறமாக விலகினால் நிறுத்தும் விசையும், கொட்டுமிடத்தில் அடைப்பை அறியும் கருவியும் வழக்கத்தில் உள்ளன.

தரைமேற் பயன்பாட்டிற்கான தீத்தாங்கும் பட்டைகளுக்கு ஐ.எஸ். 1891 தரவிதியின் ஐந்தாம் பகுதியும், நிலத்தடிச் சுரங்கங்களுக்கு ஐ.எஸ். 3181 தரவிதியும் உள்ளன. தீத்தாங்கும் பட்டை எரியாத பட்டை அன்று. சிறு சுடரை அகற்றியதும் அது அணைந்துவிடும். ஆனால் அடியில் கரிக்குவியல் எரிந்துகொண்டிருந்தால் அதுவும் எரியும். ஆகவே கூடத்தில் தூசு சேராமல் கழுவுதல், இறுகிய உருளைகளை உடனுக்குடன் மாற்றுதல், வெப்பத்தை உணர்ந்து நீர் தெளிக்கும் அமைப்பைப் பழுதின்றி வைத்திருத்தல், பட்டையைப் பூட்டிய பின்னரே துப்புரவுக்கு ஆட்களை அனுப்புதல் ஆகியவையே முதன்மையான காப்புகளாகும். பல நிலையங்களில் ஒவ்வொரு பாதைக்கும் இணையாக இரண்டு பட்டைகள் அமைக்கப்படுகின்றன. ஒன்று பழுதானால் மற்றொன்று இயங்கும். ஆனால் இரண்டும் ஒரே கூடத்தில் அருகருகே ஓடுமானால் ஒரே தீயில் இரண்டும் அழியக்கூடும். அதனால் அவற்றுக்கிடையே தடுப்பு அமைப்பதும் வேண்டியதாகின்றது.